பலகைக்குப் பின்னால் இருப்பதன் விலை: பிரிட்டனில் ஒரு பழைய கேம்பர் வேன் விற்பனை

சரக்கு வேன் ஒன்றை வாங்கி, உள்ளே படுக்கையும் அடுப்பும் அலமாரியும் அமைத்து, கேம்பர் வேனாக மாற்றி, நாலைந்து கோடை ஓட்டிவிட்டு விற்க வருகிறவரிடம் இரண்டு தொகைகள் இருக்கும்: வேன் வாங்கிய விலை, உள்வேலைக்கு ஆன செலவு. இரண்டையும் கூட்டி விளம்பரத்தில் போட்டுவிடுவார். வாங்க வருகிறவரின் கணக்கு வேறு. அவர் முதலில் வேனைப் பார்க்கிறார்: எஞ்சின், துரு, ஓடிய மைல். அதற்குப் பிறகுதான் உள்வேலை. அதிலும் கண்ணுக்குத் தெரிகிற மரவேலைக்கு அவர் அதிகம் தருவதில்லை. பலகைக்குப் பின்னால் ஓடும் கம்பி, தளத்தைத் துளைத்து இறங்கிய திருகு, சமையல் வாயுக் குழாய், பின் இருக்கையின் போல்ட் இவையெல்லாம் சரியாக இருக்கின்றன என்று யார் காட்டுகிறாரோ அவருக்குத்தான் உள்வேலைக்கும் சேர்த்து விலை கிடைக்கிறது. காட்ட முடியாதவருக்கு வெறும் வேனின் விலை கிடைக்கும். சில நேரம் அதற்கும் கீழே போகும், ஏனென்றால் உள்ளே இருப்பதைப் பிரித்து எடுக்கும் செலவையும் வாங்குகிறவர் கழிக்கிறார்.

இந்த ஆய்வில் எடுத்துக்கொண்டிருப்பது இத்தகைய விற்பனைகளில் திரும்பத் திரும்ப வரும் கூறுகளைச் சேர்த்து அமைத்த ஒரு மாதிரி வண்டி. விலை எண்கள் கணக்குப் போடும் முறையைக் காட்டத்தான். சந்தை நிலவரமாகக் கொள்ளவேண்டாம். சட்டம், பதிவு, தொழில்நுட்ப அளவுகள் நடப்பில் உள்ளவை.

வண்டி

2012 ஃபோக்ஸ்வேகன் டிரான்ஸ்போர்ட்டர் டி5.1, நீள அச்சு வகை (சக்கர இடைவெளி 3,400 மி.மீ.), டி30 எடைத் தரம், அதாவது அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 3,000 கிலோ. 2.0 லிட்டர் டிடிஐ டீசல் எஞ்சின், 102 குதிரைத்திறன், ஐந்து கியர், புகை வெளியேற்றத் தரம் யூரோ 5. 1,32,000 மைல் ஓடியது. 2018-ல் உரிமையாளரே உள்வேலை செய்தார். உயர்த்தித் தாழ்த்தும் பாப்-டாப் கூரையை மட்டும் ஒரு பட்டறையில் வெட்டிப் பொருத்தினார்கள். இரு பக்கமும் ஒவ்வொரு ஜன்னல், இருக்கையாக மடங்கும் பின் படுக்கை, இரட்டை பர்னர் அடுப்பு, கம்ப்ரஸர் குளிர்பெட்டி, 110 ஆம்பியர்-மணி ஏஜிஎம் லெஷர் பேட்டரி (உள் வசதிகளுக்கு மின்சாரம் தரும் தனி பேட்டரி; ஏஜிஎம் என்பது ஈய-அமில வகைகளில் ஒன்று), டீசல் ஹீட்டர். பதிவுப் புத்தகமான வி5சி-யில் உடல் வகை இன்னும் 'பேனல் வேன்' என்றே இருக்கிறது.

கடைசி வரியை உரிமையாளர் பெரிதாக நினைக்கவில்லை. விற்பனை முதலில் தடுக்கிக்கொண்டது அங்கேதான்.

பதிவுப் புத்தகம்

வி5சி-யில் டி.5 என்ற கட்டம் உடல் வகை. அங்கே 'மோட்டார் கேரவன்' என்று இருந்தால் வாங்குகிறவருக்கு நிம்மதி. காப்பீட்டு நிறுவனங்களில் சில அதைக் கேட்கின்றன. ஆனால் வண்டிப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏ 2019 முதல் இந்தப் பெயரைத் தர வண்டியின் வெளித்தோற்றத்தைப் பார்க்கிறது. சாலையில் போகும்போதே அது மோட்டார் கேரவன் என்று தெரியவேண்டும் என்பது அதன் வாதம். ஒரே பக்கத்தில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட ஜன்னல்கள் (ஓட்டுநர், பயணி கதவு ஜன்னல்கள் கணக்கில் வராது), வசிக்கும் பகுதிக்குத் தனிக் கதவு, இரு பக்கமும் கேரவன் பாணி வரைகலை, ஒரு பக்கம் ஆனிங் ரெயில் (வெயில்மறைப்பு மாட்டும் தண்டு), நிலையான உயரக் கூரை. உயர்ந்து இறங்கும் பாப்-டாப் உயரக் கூரையாக எண்ணப்படாது. உள்ளே இருக்கை, மேசை, படுக்கை, சமையல் வசதி, அலமாரி இருந்தே ஆகவேண்டும். அவை மட்டும் போதாது.

நம் வண்டிக்கு ஒரு பக்கத்தில் ஒரே ஜன்னல், கூரை பாப்-டாப், வரைகலை இல்லை. விண்ணப்பித்தால் பெரும்பாலும் 'ஜன்னலுள்ள வேன்' என்றுதான் திரும்பி வரும். அதில் இழுக்கு ஒன்றும் இல்லை. ஜன்னல் வெட்டிய வண்டியை 'பேனல் வேன்' என்று வைத்திருப்பதுதான் தவறு. சரியான பெயருக்கு மாற்றி, விளம்பரத்தில் இப்படிச் சொல்லலாம்: "வி5சி-யில் ஜன்னலுள்ள வேன், கேம்பராகவே காப்பீடு எடுத்திருக்கிறது, காப்பீட்டுச் சான்று காட்டப்படும்." கேள்வி அத்தோடு முடியும்.

நேரம் முக்கியம். மாற்றத்துக்கு வி5சி-யைப் படங்களோடு ஸ்வான்சியிலுள்ள டிவிஎல்ஏ-க்கு அனுப்பவேண்டும்; திரும்பி வர வாரக்கணக்கு ஆகலாம். அந்த இடைவெளியில் வாங்குகிறவர் வந்தால் கையில் புத்தகம் இருக்காது. புத்தகம் இல்லாத வண்டிக்கு நல்ல விலை தருகிறவர் யாரும் இல்லை. ஆகவே இந்த வேலை விளம்பரத்துக்கு இரண்டு மாதம் முன்பே முடிந்திருக்கவேண்டும். அதே கடிதத்தில் எஸ்.1 கட்டத்தையும் (இருக்கை எண்ணிக்கை) திருத்திவிடலாம். முன்னால் இருவர் இருக்கையை எடுத்து ஒற்றைச் சுழல் இருக்கை வைத்து, பின்னால் பெல்ட்டோடு இருவருக்கு இடம் அமைத்த வண்டியில் பழைய எண் மூன்று, உண்மை எண் நான்கு.

யூரோ 5 என்பதை மறைக்க வழி இல்லை, மறைக்கவும் கூடாது. லண்டனின் யூலெஸ் என்ற மிகக் குறைந்த புகை மண்டலத்துக்கு டீசல் வண்டி யூரோ 6 ஆக இருக்கவேண்டும். 29 ஆகஸ்ட் 2023 முதல் அந்த மண்டலம் லண்டன் பெருநகரின் எல்லா பரோக்களுக்கும் (நகராட்சிப் பகுதிகளுக்கும்) விரிந்தது. பொருந்தாத வண்டிக்கு நாளுக்கு 12.50 பவுண்டு. லண்டனில் இருக்கும் விற்பனையாளர் அந்த ஊர் வாங்குகிறவர்களை எதிர்பார்த்து விளம்பரம் போட்டால் தொலைபேசி ஒலிக்காது. டெவன், வேல்ஸ், யார்க்ஷையர் போன்ற இடங்களிலிருந்து வருகிறவருக்கு இது பொருட்டே இல்லை. அவர்கள் தூரத்திலிருந்து வரவேண்டும் என்பதால் விளம்பரம் இன்னும் முழுமையாக இருக்கவேண்டும்.

வேனைப் பார்த்தல்

வாங்குகிறவர் தொலைபேசி எடுப்பதற்கு முன்பே எம்ஓடி (ஆண்டுதோறும் செய்யும் கட்டாய வண்டிச் சோதனை) வரலாற்றைப் படித்திருப்பார். பதிவு எண் தெரிந்தால் யாரும் அரசு இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்: ஒவ்வோர் ஆண்டின் மைல், தோல்வி, 'கவனிக்க' என்று எழுதிய குறிப்பு. நம் வண்டியில் மூன்று ஆண்டு தொடர்ந்து 'இடது சில் பகுதியில் துரு' என்ற குறிப்பு (சில் என்பது கதவுக்கு அடியில் ஓடும் தகட்டுப் பகுதி). நான்காம் ஆண்டு அது இல்லை. நடுவில் வெல்டிங் செய்தார்கள். அந்த ரசீது இல்லாவிட்டால், துருவைப் பூசி மறைத்தார்கள் என்றே வாங்குகிறவர் எடுத்துக்கொள்வார். எனவே வரலாற்றை அச்சிட்டு, ஒவ்வொரு குறிப்புக்கும் எதிரே என்ன செய்தோம், எந்தத் தேதி, எந்த ரசீது என்று எழுதி வைப்பது மிகக் குறைந்த செலவில் மிக அதிகப் பணம் மீட்கும் வேலை. ஓர் இரவு உட்கார்ந்தால் முடியும்.

டைமிங் பெல்ட்டும் தண்ணீர் பம்பும் மாற்றிய சான்று இல்லையா, விளம்பரத்துக்கு முன்பே மாற்றிவிடுங்கள். பெல்ட் அறுந்தால் இந்த எஞ்சினில் வால்வும் பிஸ்டனும் மோதும். அந்தப் பயத்துக்காக வாங்குகிறவர் கழிக்கும் தொகை, வேலைக்கு ஆகும் செலவைவிட எப்போதும் பெரியது. எம்ஓடி-யும் அப்படித்தான்: பதினொரு மாதம் மீதி இருக்கும் வண்டிக்கும் இரண்டு மாதம் மீதி இருக்கும் வண்டிக்கும் இடையில் விழும் பேரம், சோதனைக் கட்டணத்தின் பல மடங்கு. வகுப்பு 4-க்கு உச்சக் கட்டணம் 54.85 பவுண்டு. டி30 தரத்தில் மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாததால் உடல் வகை எதுவானாலும் நம் வண்டி வகுப்பு 4 தான். டி32 (3,200 கிலோ) பேனல் வேனாகவே பதிவில் இருந்தால் வகுப்பு 7-க்குப் போகும். அந்தச் சோதனையை எல்லா நிலையங்களும் செய்வதில்லை.

டி5.1-ல் 180 குதிரைத்திறன் இரட்டை டர்போ எஞ்சின் எண்ணெய் குடிக்கும் பெயர் வாங்கியது. விவரம் தெரிந்தவர்கள் அதை ஒதுக்குகிறார்கள். 102, 140 எஞ்சின்களுக்கு அந்தக் கெட்ட பெயர் இல்லை. உங்களுடையது 102 என்றால் விளம்பரத் தலைப்பிலேயே சொல்லுங்கள். மலை ஏற்றத்தில் மெதுவாகப் போகும் என்பதையும் அடுத்த வரியில் சொல்லலாம். வாங்குகிறவர் ஓட்டிப் பார்க்கும்போது அவரே உணரப் போகிற விஷயம்.

பலகைக்குப் பின்னால்

அதிக நேரம் செலவிட வேண்டிய பகுதி இதுதான். ஐந்து இடங்களில் தவறு நடக்கிறது.

தளம். அலமாரியை நிறுத்த செல்ஃப் டேப்பிங் ஸ்க்ரூவை நேரே தளத்துக்குள் இறக்குவது வீட்டு வேலையில் சாதாரணம். ஸ்க்ரூ முனை அடியில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சாலை உப்பு அங்கே பட்டு, துளையைச் சுற்றி ஒரு கோடைக்குள் துரு வட்டம் கட்டும். சில இடங்களில் முனை பிரேக் குழாய்க்கோ கம்பிக் கட்டுக்கோ விரல் அகல தூரத்தில் நிற்கும். வண்டியை ராம்ப்பில் ஏற்றி அடிப்பக்கம் முழுக்கப் பாருங்கள். நீட்டும் முனைகளை வெட்டி, துருவைத் தேய்த்து, துரு தடுக்கும் பிரைமர், அதன்மேல் சீம் சீலர், கடைசியில் மெழுகு. பிறகு அதைப் படம் எடுத்து விளம்பரத்தில் போடுங்கள். அடிப்பக்கப் படம் போடுகிற விற்பனையாளர்கள் மிகக் குறைவு. போட்டவரைத் தேடித்தான் மெனக்கெட்டுப் பணம் சேர்த்தவர்கள் வருகிறார்கள்.

ஜன்னல் வெட்டு. ஜிக்ஸாவால் வெட்டிய தகட்டு விளிம்புக்கு வண்ணம் பூசாமல் கண்ணாடியை ஒட்டியிருந்தால் நான்கைந்து ஆண்டில் ஒட்டின் அடியில் துரு ஊர்ந்து ஒட்டைத் தூக்கும். வெளியே தெரிவது கீழ் மூலையில் ஒரு பழுப்புக் கோடு மட்டும். உள் அலங்காரப் பட்டையை ஒரு மூலையில் கழற்றி விரலால் தடவினால் தெரிந்துவிடும்.

கூரை. பாப்-டாப்பைப் பட்டறையில் பொருத்தியது நம் வண்டியின் பலம். கூரையை வெட்டும்போது உறுதி தரும் குறுக்குச் சட்டங்களும் போகின்றன. அவற்றுக்கு ஈடாக வெட்டைச் சுற்றி வலுச்சட்டம் ஒட்டவேண்டும். பட்டறையின் ரசீதில் அந்தச் சட்டம் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அவர்களிடமே ஒரு வரி எழுதிக் கேளுங்கள். பிறகு தண்ணீர்ச் சோதனை: கூரையை மூடிய நிலையில் பதினைந்து நிமிடம் குழாய்த் தண்ணீர், திறந்த நிலையில் துணிமேல் இன்னொரு பதினைந்து நிமிடம். உள்ளே சீலன்ட் ஓரம் முழுக்கக் காகிதத் துணியால் ஒற்றிப் பாருங்கள். துணியின் மடிப்பில் கருப்புப் புள்ளி இருந்தால் ஈரத்தோடு மூடி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதைச் சுத்தம் செய்யலாம். முழுக்கப் போகாத கறையை மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

மின்சாரம். ஸ்டார்ட்டர் பேட்டரிக்கும் லெஷர் பேட்டரிக்கும் இடையில் ஓடும் தடிமன் கம்பிக்கு இரண்டு முனையிலும் ஃபியூஸ் வேண்டும், பேட்டரிக்கு மிக அருகில். இரண்டு பக்கமும் பேட்டரி இருப்பதால் இரண்டு பக்கத்திலிருந்தும் மின்னோட்டம் பாயும். ஒரு முனையில் மட்டும் ஃபியூஸ் வைத்தால், நடுவில் கம்பி உராய்ந்து உடலில் பட்டவுடன் மற்ற பேட்டரி அந்தக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சிவிடும். வீட்டில் செய்த வண்டிகளில் நாம் திரும்பத் திரும்பப் பார்க்கும் ஆபத்து இது. இரண்டாவது ஃபியூஸ் வைக்கச் சில பவுண்டும் அரை மணி நேரமும் போதும்.

பேட்டரியின் உடல்நிலை: இரவு முழுக்க எந்தச் சுமையும் சார்ஜரும் இல்லாமல் வைத்து அளந்தால் நிறைந்த ஏஜிஎம் 12.7 வோல்ட்டுக்கு மேல் காட்டவேண்டும். பிறகு 5 ஆம்பியர் சுமையை ஐந்து மணி நேரம் ஓட்டுங்கள். 25 ஆம்பியர்-மணி வெளியே போயிருக்கும். சுமையை எடுத்து இரண்டு மணி நேரம் ஓய்வுக்குப் பின் 12.4-க்குக் கீழே நின்றால் 110 என்று ஒட்டியிருக்கும் பேட்டரியில் 110 இல்லை. மாற்றுங்கள், அல்லது விலையில் கழித்து எழுதுங்கள்.

குளிர்பெட்டி பற்றிய ஒரு விஷயத்தைத் தனியாகச் சொல்லவேண்டும். காட்டும் நேரத்தில் குளிர்பெட்டி ஓடி ஓடி நின்றால் வாங்குகிறவர் 'பெட்டி போய்விட்டது' என்று முடிவு கட்டுவார். பெட்டி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், குற்றம் கம்பியில். மெல்லிய கம்பியில் மின்சாரம் நெடுந்தூரம் ஓடும்போது வோல்ட் குறைந்து, பேட்டரியைக் காக்கும் கட்டுப்பாடு பெட்டியை நிறுத்துகிறது. கம்ப்ரஸர் ஓடும்போது பேட்டரி முனையில் ஓர் அளவு, பெட்டியின் முனையில் ஓர் அளவு எடுங்கள். வேறுபாடு 0.4 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் 4 சதுர மி.மீ. அல்லது 6 சதுர மி.மீ. கம்பிக்கு மாற்றுங்கள். புதிய குளிர்பெட்டிக்கு ஆகும் பணத்தில் சிறு பங்குதான் இது.

230 வோல்ட் வெளி இணைப்பு இருந்தால் 30 மில்லிஆம்பியர் ஆர்சிடி (மின்கசிவில் துண்டிக்கும் கருவி), எம்சிபி (மிகை மின்னோட்டத்தில் துண்டிக்கும் கருவி), வண்டி உடலுக்கு எர்த் இணைப்பு மூன்றும் வேண்டும். ஒரு மின் பொறியாளரின் சோதனைத் தாள் கையில் இருப்பது நல்லது.

சமையல் வாயு. நம் வண்டியில் 2.75 கிலோ காம்பிங்காஸ் 907 பாட்டில், அலமாரிக்குள் ஒரு மரப்பெட்டியில். பெட்டிக்கு அடியில் துளை இல்லை. இது தவறு. சமையல் வாயு காற்றைவிட எடை கூடியது. கசிந்தால் தளத்தில் தேங்கும், படுத்திருப்பவர் மூக்கும் அங்கேதான். பாட்டில் பெட்டி வசிக்கும் பகுதியிலிருந்து காற்றுப் புகாமல் அடைக்கப்பட்டு, அதன் அடிமட்டத்திலிருந்து வெளியே நேரே இறங்கும் துளை வைக்கப்படவேண்டும். அந்தத் துளை எக்ஸாஸ்ட்டுக்கு அருகில் வரக்கூடாது. ரெகுலேட்டர் 30 மில்லிபார், அடுப்பின் தட்டிலும் அதே எண் இருக்கிறதா பாருங்கள். ரப்பர் குழாயின்மேல் உற்பத்தி ஆண்டு அச்சிட்டிருக்கும். வெடிப்பு தெரிந்தாலும் ஆண்டு படிக்க முடியாவிட்டாலும் மாற்றுங்கள். தீ அணைந்தால் வாயுவைத் தானே நிறுத்தும் அமைப்பு அடுப்பின் ஒவ்வொரு பர்னரிலும் வேலை செய்கிறதா: எரியவிட்டு ஊதி அணையுங்கள், சிறிது நேரத்தில் 'டிக்' என்று வால்வு மூடும் ஒலி வரவேண்டும்.

சொந்தப் பயன்பாட்டு வண்டியை விற்க வாயுச் சான்றிதழ் கட்டாயம் இல்லை. ஆனாலும் எடுங்கள். வாயு வேலை செய்பவர்களின் பதிவேடான கேஸ் சேஃப்-பில் பதிவுள்ளவர் எல்லாருக்கும் இந்த வேலைக்குத் தகுதி கிடையாது. அடையாள அட்டையின் பின்பக்கத்தில் எல்பிஜி-யும் பொழுதுபோக்கு வண்டிகளும் எழுதியிருக்கிறதா என்று பார்த்துக் கூப்பிடுங்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியை ஒட்டி, அதன் காலாவதித் தேதியைப் படம் எடுங்கள்.

டீசல் ஹீட்டரில் பார்க்கவேண்டியது புகைக்குழாய். மலிவு ஹீட்டர்களோடு வரும் சைலன்சர் முழுக்க அடைப்பானது அல்ல, இணைப்புகளில் புகை கசியும். அது வண்டிக்கு வெளியே, புகை பக்கவாட்டில் வெளியேறும்படி இருக்கவேண்டும். வண்டியின் அடிவயிற்றுக்குள்ளேயே முடியக்கூடாது.

பின் இருக்கை

மேலே சொன்னவை பணத்துக்கு, இது உயிருக்கு. வீட்டில் கட்டிய மர இருக்கைப் பெட்டியில் சீட் பெல்ட் மாட்டியிருந்தால் அதைப் பயண இருக்கை என்று விற்காதீர்கள். பெல்ட்டைக் கழற்றிவிட்டு "முன்னால் இருவர் மட்டும் பயணிக்கலாம், நால்வர் படுக்கலாம்" என்று எழுதுங்கள். விலை குறையும், குறையட்டும்.

நம் வண்டியில் இருப்பது இழுவைச் சோதனை செய்த எஃகுச் சட்ட இருக்கை. விளம்பரங்களில் 'எம்1 சோதனை' என்று எழுதுவது வழக்கம் (எம்1 என்பது பயணிகள் கார் வகை). அந்தச் சோதனை குறிப்பிட்ட மாதிரி வண்டியில், குறிப்பிட்ட தட்டுகளோடு, குறிப்பிட்ட இடங்களில் போல்ட் செய்த நிலையில் நடந்தது. அதே முறையில் பொருத்தினால்தான் சான்றுக்கு அர்த்தம். ஆகவே காட்டவேண்டியவை: இருக்கைத் தயாரிப்பாளரின் சான்று, பொருத்தும் வரைபடம், தளத்தின் அடியில் இருக்கும் எஃகுத் தட்டுகளின் படம். போல்ட் தலையில் 8.8 என்ற எண் தெரியவேண்டும். பெல்ட்டைப் பிடிக்கும் போல்ட் 7/16 அங்குல நுண்மரை வகை. வேறு அளவை அங்கே அடித்து இறக்கியிருந்தால் மரை கெட்டிருக்கும். மூன்று படம், ஒரு சான்று. குழந்தை உள்ள குடும்பம் வாங்க வந்தால் அவர்கள் பேரம் பேசாமல் கைகுலுக்குவது பெரும்பாலும் இந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான்.

ஓட்டுநர் பக்கமும் சுழல் இருக்கையாக இருந்தால், கைப்பிரேக் நெம்புகோலைத் தாழ்த்தியிருப்பார்கள். டி5-ல் அப்படிச் செய்யாமல் இருக்கை சுற்றாது. தாழ்த்திய பின் கேபிளைச் சரிசெய்யாமல் விட்டிருந்தால் எம்ஓடி-யில் கைப்பிரேக் தோற்கும்.

எடை

பொது எடைமேடைக்குப் போய் நிறைந்த டீசல், நிறைந்த தண்ணீர், வாயு பாட்டில், வழக்கமான சாமான்களோடு எடை போடுங்கள். மாதிரி வண்டி 2,380 கிலோ காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 3,000-ல் மீதி 620. நான்கு பேர் ஏறினால் 300 கழியும். இன்னும் 320 இருக்கிறது. அந்தச் சீட்டை ஆவணக் கோப்பில் வையுங்கள். டி26, டி28 தரத்தில் கட்டிய வண்டிகள் இதே சோதனையில் அதிர்ச்சி தரும், 18 மி.மீ. ப்ளைவுட்டால் எல்லாம் செய்தவர்கள் நால்வர் ஏறியவுடன் வரம்பைத் தாண்டிவிடுகிறார்கள்.

விலை

முதலில் உள்வேலை எதுவும் இல்லாத அதே ஆண்டு, அதே எஞ்சின், அதே மைல் பேனல் வேனின் விலையைப் பாருங்கள். கேட்கும் விலையை அப்படியே நம்பவேண்டாம். இருபது விளம்பரங்களைக் குறித்துக்கொண்டு மூன்று வாரம் கழித்துத் திரும்பப் பாருங்கள். காணாமல் போனவை விற்ற விலைக்கு அருகில், அங்கேயே நிற்பவை அதிகம் கேட்டவை. மாதிரியில் அது 9,000 பவுண்டு.

உள்வேலைக்கு ரசீதுகள் 11,400 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். திரும்பக் கிடைப்பது எது? பட்டறையில் பொருத்திய பாப்-டாப்புக்குப் பெரும் பங்கு, ஏனெனில் வாங்குகிறவர் அதைத் தானே செய்ய முடியாது. சான்றுள்ள இருக்கைக்குக் கணிசமாக. ஹீட்டர், குளிர்பெட்டி, மின் அமைப்புக்குப் பாதிக்கும் கீழே. மரவேலை, ஓடு, மெத்தைத் துணி, ஒலிபெருக்கி இவற்றுக்கு ஏறத்தாழ எதுவும் இல்லை. அவை விளம்பரப் படத்தில் கண்ணை இழுக்கும், அதோடு சரி. உங்கள் உழைப்பு மணிகளுக்கும் எதுவும் இல்லை. இதை ஏற்றுக்கொள்ளாமல் ஓராண்டு விளம்பரத்திலேயே வண்டியை வைத்திருப்பவர்கள் உண்டு, அந்த ஓராண்டில் வேனின் விலையும் இறங்குகிறது.

கணக்கு: வேன் 9,000, கூரை 2,500, இருக்கை 800, மற்றவை 1,400. மொத்தம் 13,700. கேட்கும் விலை 14,250. இறங்கக்கூடிய கடைசி எண் 13,300 என்று தாளில் எழுதி வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். மார்ச் கடைசி முதல் ஜூன் வரை கேட்பவர் அதிகம். அக்டோபரில் இதே வண்டியைப் போட்டால் கேட்கிறவர்கள் வியாபாரிகள்தான்.

விளம்பரமும் வருகிறவர்களும்

இருபத்தைந்து படங்களாவது வேண்டும். படுக்கை விரித்தது, மடித்தது, அளவுநாடா வைத்துப் படுக்கையின் அகலமும் நீளமும் (நம் வண்டியில் 112 × 185 செ.மீ.), கூரை திறந்தது, மின் பெட்டி மூடி கழற்றியது, வாயுப் பெட்டி, அடிப்பக்கம், ஒவ்வொரு கீறல். உயரத்தை எழுதுங்கள், வண்டி நிறுத்தக் கட்டடத்துக்குள் போகுமா என்பது முதல் பத்துக் கேள்விகளில் ஒன்று. "கச்சிதமான நிலை" என்று எழுதவே வேண்டாம். அந்தச் சொல் பின்னால் உங்களுக்கு எதிராகவே வரும்: தனிநபர் விற்பனையிலும் பொருள் விவரித்தபடி இருக்கவேண்டும் என்பது சட்டம், 'பார்த்தபடி விற்றது' என்று ரசீதில் எழுதினால் அந்தக் கடமை போய்விடாது. சாலைக்குத் தகுதியற்ற வண்டியை விற்பது குற்றம். வேன் வாங்கி, மாற்றி, விற்று, மறுபடி வாங்குகிறவரோ வியாபாரியாகவே கருதப்படக்கூடும். அப்போது 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம் பொருந்தும், பழுதான வண்டியை 30 நாளுக்குள் திருப்பித் தந்து முழுப் பணம் கேட்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு.

பார்க்க வருகிறவர்கள் வரும்முன் எஞ்சினைச் சூடாக்கி வைக்காதீர்கள். குளிர்ந்த எஞ்சின் முதல் திருகலில் கிளம்புவதுதான் அவர் பார்க்கவேண்டியது. இருவர் மூவராக வந்து, ஒருவர் உங்களை உள்ளே பேச்சில் வைத்துக்கொள்ள இன்னொருவர் எஞ்சின் மூடியருகே நின்றால் எச்சரிக்கை: குளிர்நீர்த் தொட்டியில் எண்ணெய் ஊற்றி, 'ஹெட் கேஸ்கட் (எஞ்சின் தலைப்பகுதியின் அடைப்புத் தகடு) போய்விட்டது' என்று பாதி விலை கேட்கும் மோசடி பிரிட்டனில் பலமுறை நடந்திருக்கிறது. வருகிறவர் முன்னிலையில் நீங்களே தொட்டியைத் திறந்து காட்டிப் படம் எடுத்து, மூடியை அடைத்துவிட்டுக் கூடவே நில்லுங்கள். ஓட்டிப் பார்க்க அவருடைய உரிமமும் அந்த வண்டிக்கான காப்பீடும் வேண்டும். ஒரு நாள் காப்பீடு தொலைபேசியிலேயே எடுக்கலாம். இருக்கை மாறும்போது சாவி உங்கள் கையில்.

வண்டிமேல் கடன் பாக்கி இருக்கிறதா என்று வாங்குகிறவர் சோதிப்பார். உங்கள் பெயரில் வண்டிமேல் கடன் மீதி இருந்தால் முன்பே அடைத்து, அடைத்த கடிதத்தை வையுங்கள். காப்பீட்டு நிறுவனம் முன்பு கைவிட்ட வண்டி என்றால் வகை எஸ் (கட்டமைப்புச் சேதம்) அல்லது என் (கட்டமைப்பில் சேதம் இல்லை) என்பதை விளம்பரத்தின் முதல் வரியில் எழுதுங்கள். அவர் எப்படியும் கண்டுபிடிப்பார்.

கைமாற்றம்

பணம் வங்கி வழியாக, உங்கள் கண் முன்னால். அவருடைய திரையில் 'அனுப்பப்பட்டது' என்று வருவது பணம் அல்ல. உங்கள் கணக்கில் நீங்களே திறந்து பார்த்து இருப்பு கூடியிருப்பதுதான் பணம். வங்கிகளின் நாள் வரம்பு 14,000-ஐத் தடுக்கலாம், முந்தைய நாளே அவரைக் கேட்கச் சொல்லுங்கள். வார நாள் காலையில் வைத்துக்கொண்டால் வங்கியில் சிக்கல் வந்தாலும் பேச ஆள் இருப்பார்.

ரசீது இரண்டு படி: பதிவு எண், விஐஎன் (வண்டியின் அடையாள எண்), மைல், தொகை, தேதி, நேரம், தெரிந்த குறைகளின் பட்டியல், இருவர் கையெழுத்து. குறைப் பட்டியலை அவர் கையெழுத்துக்கு மேலே வையுங்கள்.

டிவிஎல்ஏ தளத்தில் வி5சி-யின் 11 இலக்க எண்ணைப் போட்டு விற்றதை அவர் முன்னிலையிலேயே அறிவிக்கலாம். சொல்லாமல் விட்டால் 1,000 பவுண்டு வரை அபராதம். புதிய காப்பாளர் சீட்டு வி5சி/2 அவருக்கு. அதிலுள்ள 12 இலக்க எண்ணால் அவர் அங்கேயே சாலை வரி கட்டிவிட்டுத்தான் கிளம்பவேண்டும். அக்டோபர் 2014-க்குப் பின் சாலை வரி வண்டியோடு போவதில்லை. உங்களுடைய மீதி முழு மாதங்களுக்கான வரி உங்களுக்குத் திரும்பி வரும். தனியாகப் பணம் கொடுத்து வாங்கிய சொந்தப் பதிவு எண் இருந்தால் இதற்கெல்லாம் முன்பே அதை எடுத்துவிட்டிருக்கவேண்டும்.

வண்டியின் அமைப்புகளை விளக்கிக் காட்ட இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். கூரை ஏற்றி இறக்குதல், துணி ஈரமாக இருந்தால் மூடி வைத்துப் பூட்டாமை, வாயு வால்வு, ஆர்சிடி-யின் சோதனைப் பொத்தான், ஹீட்டரை அணைத்தபின் அது தானே குளிரும்வரை மின்சாரத்தைத் துண்டிக்காமை, குளிர்காலத்துக்குத் தண்ணீர்த் தொட்டியையும் பம்பையும் காலி செய்தல். கம்பி வரைபடத்தை ஒரு தாளில் வரைந்து மின் பெட்டி மூடியின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி குறையும்.

டிவிஎல்ஏ-யின் உறுதி மின்னஞ்சல் வந்த பிறகே காப்பீட்டை நிறுத்துங்கள். அன்றைக்கே யூலெஸ் ஆட்டோ பே கணக்கிலிருந்தும் தேம்ஸைக் கடக்கும் டார்ட்ஃபோர்ட் கடவையின் கட்டணக் கணக்கிலிருந்தும் பதிவு எண்ணை நீக்குங்கள். மறந்துவிட்டால் புதியவர் லண்டனுக்குள் ஓட்டும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு உங்கள் அட்டையிலிருந்து போய்க்கொண்டிருக்கும்.